சாட்சிப் பூனை பிறழ்ந்த கதை

அந்த ஊரில் மனிதர்கள் அவசரத்துக்கு ஒதுங்க உருப்படியான இடம் ஒன்று கிடையாது. பஸ் நிலையத்துக் கழிப்பறையில் எப்போதும் பூட்டு தொங்கும். சாவி யாரிடம் என்று கேட்டால், அவர் சாப்பிடப் போயிருக்கிறார் என்பார்கள். பல வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார். இதைப் பற்றி யாரும் ஒரு கூட்டம் போட்டதில்லை, ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனால் பூனை எந்தத் திசையில் உட்கார்ந்து காரியத்தை முடிக்க வேண்டும் என்பதை ஒரு மகான் சொல்லப்போகிறார் என்றதும், மரச்சாமான் கடையின் மாடிப்படியில் தொடங்கிய வரிசை தெருமுனையைத் தாண்டி வளைந்து போனது.

கூடையில் பூனை, பையில் பூனை, தோளில் பூனை. பூனையே இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பூனை தங்கள் வீட்டு அதிர்ஷ்டத்தைக் கெடுக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளலாமே! பல் டாக்டர் ஒருவர் நோயாளியை வாயைத் திறந்தபடி நாற்காலியிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டதாகப் பேச்சு. படித்தவர், படிக்காதவர் என்ற பேதம் அந்த வரிசையில் இல்லை. ஏமாறுகிற விஷயத்தில் மட்டும் நம்மிடையே சமத்துவம் எப்போதோ வந்துவிட்டது.

மகானுக்குத் திசையார் என்று பெயர். கூட்டம் வைத்த பெயர். வெள்ளை அங்கி, வெள்ளைச் சால்வை, மார்பு வரை வெள்ளைத் தாடி. அந்தத் தாடியின் வேர்ப்பகுதி மட்டும் கருகருவென்று இருந்தது. நரை வேரில் தொடங்குமா, நுனியில் தொடங்குமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. மகானின் தாடியை உற்றுப் பார்ப்பது மரியாதைக் குறைவு அல்லவா?

"பூனை எந்தத் திசையில வெளிக்குப் போகுதோ, அந்தத் திசையிலதான் வீட்டுக்குள்ள நன்மை வரும்!" என்று மைக்கில் முழங்கினார் திசையார். "கண்ட கண்ட பெட்டியில போச்சுன்னா, இருக்கிற நன்மையும் அதுகூடவே போயிடும்!"

ஆகா என்றது கூட்டம். வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டு வெளிக்குப் போகிற பிராணி. அதில் ஏதோ பெரிய தத்துவம் இருக்கத்தான் வேண்டும் என்று எல்லோருக்கும் பட்டது.

மேடையில் நாலு மணல்பெட்டிகள் இருந்தன. மூன்று, கடையில் கிடைக்கிற சாதாரண பிளாஸ்டிக் பெட்டிகள். நாலாவது அருள் பெட்டி. தங்க நிறப் பூச்சு, மேலே கோபுரம் மாதிரி ஒரு மூடி, முன்பக்கம் குறுகலான ஒரு வாசல். பக்கத்தில் ஒரு கூண்டு. கூண்டுக்குள் செம்பட்டை நிறத்தில் ஒடிசலாக ஒரு பூனை. அதற்குச் சாட்சி என்று பெயர்.

"மனுஷன் பொய் சொல்வான். ஏன், நானே பொய் சொல்லலாம். சாட்சி சொல்லாது!" என்று கூண்டைத் திறந்தார் திசையார்.

தான் பொய் சொல்லக்கூடும் என்று அவரே சொன்னதைக் கூட்டம் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டது. சாட்சி இறங்கி வந்தது. முதல் பெட்டியை முகர்ந்தது, முகத்தைச் சுளித்தது. இரண்டாவதில் காலை வைத்து உதறியது. மூன்றாவதின் பக்கம் போகவே இல்லை. நேராகத் தங்கப் பெட்டிக்குள் நுழைந்தது. உள்ளே மணலைப் பறிக்கிற சத்தம் கேட்டதும் மாடி அதிரக் கைதட்டினார்கள். அப்படி ஒரு கைதட்டலை அந்த ஊர்ப் பாடகர்கள் கேட்டிருந்தால் வயிறெரிந்து செத்திருப்பார்கள்.

எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டியவள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த தையல்காரம்மா.

அவளைக் கேலி செய்வதற்கு முன் அவள் கஷ்டத்தையும் கேட்டுவிட வேண்டும். அவள் வீட்டில் மேனேஜர் என்று ஒரு பூனை இருந்தது. வெட்டுமேஜையின் ஓரத்தில் கால்மேல் கால் போட்டுப் படுத்துக்கொண்டு, தான் ஒரு வேலையும் செய்யாமல் அடுத்தவர் வேலையை அரைக்கண்ணால் மேற்பார்வை பார்ப்பதால் வந்த பெயர். குட்டியாக மழையில் நனைந்து வந்ததைப் பஞ்சில் பால் நனைத்து ஊட்டி வளர்த்தவள் அவள். பிள்ளை இல்லாத வீடு. புருஷன் பஸ் ஓட்டப் போய்விட்டால், அவள் பேசுவதற்கு 'ம்' கொட்ட ஆள் அதுதான். அதை அவள் உயிராக நேசித்தாள். இதைச் சொல்ல அவளுக்கும் வெட்கமில்லை, நமக்கும் வெட்கமில்லை.

அந்த மேனேஜர் திடீரென்று தன் மணல்பெட்டியை மறந்துவிட்டது. துண்டுத் துணிக் கூடையில் போனது. மடித்து வைத்த திரைச்சீலையில் போனது. கடைசியில் வக்கீலம்மா கைக்குப் பட்டன் தைக்கக் கொடுத்திருந்த கறுப்புக் கோட்டிலும் போனது. கறுப்பில் கறை தெரியவில்லை. வக்கீலம்மா அதை மாட்டிக்கொண்டு கோர்ட்டில் வாதாட எழுந்து நிற்க, நீதிபதி மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்காமலே வாய்தா கொடுத்துவிட்டார். அன்று சாயங்காலம் தையல்காரம்மா வாங்கிய திட்டு, சட்டப் புத்தகங்களில் இல்லாத திட்டு.

ஆகவேதான் திசையார். ஆகவேதான் கைதட்டல். அன்றே அருள் பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கிச் சுமந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். வந்தவள் சும்மா இருந்தாளா? தையல்காரி அல்லவா! பெட்டியின் வாசலுக்கு வெல்வெட்டில் ஒரு திரை தைத்து, ஓரத்தில் சுருக்கு வைத்து, குஞ்சம் தொங்கவிட்டாள். தையல் மெஷினுக்குப் பக்கத்திலேயே, கண்பார்வையில் இருக்கட்டும் என்று வைத்தாள்.

மேனேஜர் வந்து பார்த்தது. உடம்போ பூசணிக்காய், வாசலோ எலி வளை. தலையும் முன்னங்காலும் உள்ளே போயின. மீதிப் பாதி மேனேஜர் வெளியே நின்றது. அந்த நேரம் பார்த்து அவள் மெஷினை மிதித்தாள். கடகடவென்ற சத்தத்தில் வெளியே நின்ற பாதி பதறிப்போய், தன் பங்குக்கு வெல்வெட்டை நனைத்துவிட்டு ஓடியது.

"அருள் தலைக்கு மட்டும் கிடைச்சிருக்கு போல" என்றான் புருஷன், சட்டையைக் கழற்றிக்கொண்டே.

"நீங்க சும்மா இருங்க. எல்லாத்தையும் கேலி பண்ணியே இந்த வீட்டுக்கு இந்த கதி."

மறுநாள் திசையாரையே வீட்டுக்கு அழைத்துவிட்டாள். அவர் வாசலில் கண்ணை மூடி நின்றார். உள்ளே வந்து, அங்கிக்குள்ளிருந்து ஒரு திசைகாட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். சமையலறையில் முள் ஒழுங்காக நின்றது. தையல் அறையில் வெட்டுமேஜையை நெருங்கியதும் கிறுகிறுவென்று திரும்பி மேஜையையே காட்டியது. திசையார் இரண்டடி பின்வாங்கினார். அவருக்கே கொஞ்சம் ஆச்சரியம்தான் என்று நமக்குச் சந்தேகம். ஆனால் தொழில் தெரிந்தவர், ஆச்சரியத்தை அப்படியே அச்சமாக மாற்றிக்கொண்டார்.

"அம்மா, இந்த வீட்டுல வடக்கே இடம் மாறிப் போச்சு. அந்தப் பூனை பண்ண வேலை. இந்த வீட்டு ஆண்பிள்ளை... சக்கரத்துக்கு மேல உக்காந்து பிழைக்கிறவரா?"

தையல்காரம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். "ஆமாங்க! பஸ் டிரைவருங்க! எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?"

டிரைவர் சட்டை, பெயர்ப்பட்டையும் பஸ் கம்பெனி முத்திரையுமாக அவர் மூக்குக்கு நேரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை அவள்தான் காலையில் தேய்த்து மாட்டினாள்.

"அந்த உயிருக்கு ஆபத்து இருக்கு" என்றார் திசையார் குரலைத் தாழ்த்தி. "அருள் பெட்டியையே ஏத்துக்காத பூனை, வீட்டுல ஒரு ஆளைக் காவு வாங்காம விடாது. ஞாயித்துக்கிழமை கூட்டத்துக்குக் கொண்டாந்து என்கிட்ட ஒப்படைச்சிடுங்க. மலைமேல நம்ம பூனை இல்லத்துல அது நல்லா இருக்கும். அதுவரைக்கும் வேற எந்தப் பெட்டியும் வைக்காதீங்க. வச்சா, நடக்கிறதுக்கு நான் பொறுப்பில்ல."

அவர் போன பிறகு அவள் மேனேஜரை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். புருஷனா, பூனையா என்று கேட்டால் எந்தப் பெண்தான் என்ன சொல்வாள்? பூனையைக் கொடுத்துவிடுவது என்று முடிவு செய்தாள். அதன் ரோமத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு செய்த முடிவு.

சனிக்கிழமை பிற்பகல் அவள் நாத்தனார் வந்தாள். புருஷனின் தங்கை, பள்ளிக்கூடத்து டீச்சர். வருஷா வருஷம் பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்த்துப் பார்த்து, பேசுகிறவர் வாயைப் பார்க்காமல் கையைப் பார்க்கிற பழக்கம் அவளுக்கு வந்துவிட்டது. எந்தப் பையன் காலுறையைச் சொறிகிறான், எந்தப் பெண் அழிப்பானை அதிகமாகக் கொஞ்சுகிறாள் என்பதெல்லாம் அவள் கண்ணுக்குத் தப்பாது. அண்ணிக்கும் அவளுக்கும் ஆகாது என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். ஆகும், ஆனால் சண்டை போட்டால்தான் ஆகும்.

"என்ன அண்ணி, கண்ணு வீங்கியிருக்கு? எங்க அண்ணன் ஏதாவது சொன்னானா?"

"உங்க அண்ணன் உயிரோட இருக்கணும்னுதான்டி அழறேன்" என்று முழுக்கதையையும் கொட்டினாள் தையல்காரம்மா.

நாத்தனார் சிரிக்கவில்லை. அழுகிறவளிடம் சிரிக்கக்கூடாது என்கிற அளவுக்கு நல்லவள்தான். ஆனால் ஆணியில் தொங்கிய சட்டையை ஒரு தரம் பார்த்தாள், அண்ணியை ஒரு தரம் பார்த்தாள். அண்ணி சட்டையைப் பார்த்தாள். "அது... அவரு கண்ண மூடிக்கிட்டுத்தான் இருந்தாரு" என்றாள் சுரத்தில்லாமல்.

"உள்ள வரும்போதுமா? சுவத்துல முட்டிக்கலையா? சரி விடுங்க. முள்ளு எங்க திரும்புச்சு?"

"இந்த மேஜைகிட்டதான்."

நாத்தனார் தன் செல்போனை எடுத்தாள். அதில் திசைகாட்டி இருந்தது. அண்ணியின் போனிலும் இருக்கிறது, என் போனிலும் இருக்கிறது, அது இருப்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். மேஜைக்கருகே கொண்டுபோனாள். முள் கிறுகிறுவென்று திரும்பி மேஜையைக் காட்டியது.

"பாத்தியா! பாத்தியா!" என்று தையல்காரம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

நாத்தனார் மேஜையை மேலும் கீழும் பார்த்தாள். சாக்குக்கட்டி, டேப், கத்தரிக்கோல், நூல்கண்டு. ஓரத்தில் கையகலக் காந்தம் ஒன்று, அதன் மேல் முள்ளம்பன்றி மாதிரி குண்டூசிகள். தரையில் சிந்திய ஊசிகளைப் பொறுக்கத் தையல்காரம்மா வைத்திருப்பது. நாத்தனார் அதைக் கையில் எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தாள். முள்ளும் பின்னாலேயே திரும்பியது.

"இப்ப வடக்கு அடுப்பங்கரையில இருக்கு அண்ணி. இருங்க, குளியலறைக்கு அனுப்புறேன்... போயிடுச்சு. எங்க வேணும்னு சொல்லுங்க, அங்க வைக்கிறேன்."

தையல்காரம்மா தன் தொழிலில் நாள்தோறும் தொடுகிற காந்தம் அது. அதைத் தான் ஒருமுறைகூட நினைக்கவில்லையே என்று அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் பயம் அவ்வளவு சுலபத்தில் வீட்டைக் காலி செய்யுமா?

"சரி, முள்ளு தப்பு. பூனை தப்பா? அந்தச் சாட்சி எல்லாப் பெட்டியையும் ஒதுக்கிட்டு நேரா அருள் பெட்டிக்குப் போச்சே! அதை என் கண்ணால பாத்தேன். பூனைக்குக் காந்தமா வச்சிருக்காரு?"

"அது எனக்கும் தெரியல" என்றாள் நாத்தனார் உண்மையாக. "ஆனா நம்ம மேனேஜர் எங்க எங்க போச்சுன்னு சொல்லுங்க."

"துணிக்கூடையில. திரைச்சீலை மேல. அப்புறம் அந்த வக்கீல் கோட்டுல."

"எல்லாம் அகலமா, மெத்துனு, மேல மூடி இல்லாம இருக்கு. உங்க மெஷினுக்கும் தூரம். பழைய பெட்டி எங்க இருந்துச்சு?"

"முன்னாடி பின்கட்டுல. அப்புறம் நாத்தம் வராம இருக்கட்டும்னு ரோஜா வாசனை மணல் வாங்கிப் போட்டு, மெஷின்கிட்ட கொண்டாந்து வச்சேன். வச்ச வாரத்துலதான்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நின்றாள்.

"உங்கள ஒரு செண்டு பாட்டிலுக்குள்ள திணிச்சு, பக்கத்துல ரயில் ஓட்டினா, நீங்க போவீங்களா அண்ணி?"

தையல்காரம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கூடவே வந்தது. "அப்ப நாளைக்கு?"

"நாளைக்குப் போவோம். மேனேஜரோட, நம்ம துணி அலசுற பச்சைத் தொட்டியையும் எடுத்துக்கிட்டுப் போவோம். எதிர்வீட்டுல கட்டட வேலைக்குக் கொட்டியிருக்கிற மணலைக் கேட்டு வாங்கிச் சலிச்சு வைங்க. அது எதுல போகுதுன்னு எல்லார் முன்னாடியும் பாப்போம். தங்கப் பெட்டியில போச்சுன்னா, நானே என் கையால கொடுத்துடறேன்."

"விளையாடாதடி. அது என் பிள்ளை."

"அதனாலதான் அண்ணி சொல்றேன். பிள்ளையைக் கொடுக்கிறவங்க ஒரு கேள்வியாவது கேட்டுட்டுக் கொடுக்கலாம்ல?"

தையல்காரம்மா சல்லடையைத் தேடி எடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாடியில் மூச்சுவிட இடமில்லை. முன்வரிசையில் வக்கீலம்மா, வேறொரு கோட்டில். "அந்தப் பூனை இந்த ஊரை விட்டுப் போறத என் கண்ணால பாக்கணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பல் டாக்டர் மடியில் ஒரு சாம்பல் நிறப் பூனை. திசையார் தேர்ந்தெடுத்துத் தந்த அதிர்ஷ்டப் பூனை என்று பெருமையாகத் தடவிக்கொண்டிருந்தார். கூட்டம் இருக்கிற இடத்தில் வியாபாரமும் இருக்கும் என்று பேக்கரிக்காரர் அன்றுதான் முதல்முறையாகத் தட்டில் பன் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார்.

தையல்காரம்மா மேடையேறினாள். கூடைக்குள் மேனேஜர். பின்னால் நாத்தனார், இடுப்பில் பச்சைத் தொட்டி.

"வாம்மா. தியாகம் பண்ண வந்த தாயே!" என்று கையை நீட்டினார் திசையார். "கூடைய இப்படிக் கொடு."

தையல்காரம்மாவின் கை கூடையை விடவில்லை. ஆனால் வார்த்தை வந்துவிட்டது. "கொடுக்கிறேங்க. அதுக்கு முன்னாடி இது கடைசியா ஒரு தடவ போகட்டும். காலையிலேர்ந்து அடக்கிக்கிட்டிருக்கு. நாலு பெட்டியோட எங்க வீட்டுத் தொட்டியும் ஒரு ஓரத்துல இருக்கட்டும்."

"அந்த அழுக்குத் தொட்டி எதுக்கு?"

"அருள் இல்லாத தொட்டிதானே ஐயா?" என்றாள் நாத்தனார், மைக்குக்கு எட்டுகிற மாதிரி. "அதுல போகாதுன்னு உங்களுக்குத் தெரியாதா? இல்ல, சந்தேகமா?"

மகான்களுக்குச் சந்தேகம் வரக்கூடாது. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. திசையார் கையை அசைத்தார். தொட்டி ஐந்தாவதாக உட்கார்ந்தது.

மேனேஜர் கூடையிலிருந்து இறங்கியது. அத்தனை ஜனத்தைப் பார்த்து வேறு பூனையாயிருந்தால் மேஜைக்கடியில் ஓடியிருக்கும். இது மேனேஜர். ஊழியர்களைப் பார்க்கிற மாதிரி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆய்வைத் தொடங்கியது. முதல் பெட்டி, முகச்சுளிப்பு. இரண்டாவது, தும்மல். மூன்றாவதைப் பார்த்துக் காதைப் பின்னுக்கு மடக்கியது. தங்கப் பெட்டிக்கு வந்தது. வாசலில் தலையை விட்டது. தையல்காரம்மா கூடையை இறுக்கிக்கொண்டாள். தோள் இடித்தது. மேனேஜர் தலையை வெளியே எடுத்து, அந்தக் கோபுரத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஆடி அசைந்து பச்சைத் தொட்டிக்குள் ஏறியது. வட்டமடித்தது. நிதானமாகக் குழி பறித்தது. ஊரறிய உட்கார்ந்தது. முடித்ததும் ஒழுங்காக மூடிவிட்டு இறங்கி வந்து, தையல்காரம்மாவின் காலில் உரசியது.

அவளுக்கு அந்த இடத்திலேயே குதிக்க வேண்டும் போல இருந்தது. கூட்டம் திசையாரின் முகத்தைப் பார்த்தது.

திசையார் சளைப்பாரா? "பாத்தீங்களா அதிசயத்த! அருள் பெட்டிக்குப் பக்கத்துல வச்சதும், அந்த அழுக்குத் தொட்டிக்கே அருள் பாஞ்சிடுச்சு!"

பாதிக் கூட்டம் தலையாட்டிவிட்டது. தலை என்று ஒன்று இருந்தால் ஆட்டத்தானே வேண்டும்!

"அப்ப இந்தப் பக்கம் இருக்கிற மூணு பெட்டிக்கும் ஏன் பாயல? அருளுக்கு ஒரு பக்கம் வாதமா?" என்றாள் நாத்தனார்.

அவர்கள் வாதாடிக்கொண்டிருக்கும்போதே தையல்காரம்மா வேறொன்று செய்தாள். நேற்றிலிருந்து அவள் மனதில் அரித்துக்கொண்டிருந்தது சாட்சி அன்று காட்டிய முகச்சுளிப்புதான். மண்டியிட்டு, கடைப் பெட்டியில் தன் மூக்கை வைத்தாள். ஊரே பார்க்க, பூனை மணலை முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் மாறியிருந்தது.

"இது ஆரஞ்சுத் தோல் வாடைங்க! ஆரஞ்சு உரிச்சா எங்க வீட்டுப் பூனை அந்தப் பக்கமே வராது. இந்த மூணு பெட்டியிலயும் தோலைப் பிழிஞ்சு விட்டிருக்காங்க. அந்தத் தங்கப் பெட்டியில மட்டும் வெறும் நல்ல மணல்!"

"அபாண்டம்!" என்று திசையார் எழுந்தார். "சாட்சி பொய் சொல்லாது!"

"சாட்சியையே கேப்போம்" என்றாள் நாத்தனார். "தங்கப் பெட்டி மணலை இந்தக் கடைப் பெட்டியில கொட்டுங்க. ஆரஞ்சு மணலைத் தங்கப் பெட்டியில கொட்டுங்க. அருள் பெட்டியில இருந்தா அது பெட்டிக்குப் போகும். மணல்ல இருந்தா மணலுக்குப் போகும். அவ்வளவுதானே?"

திசையாரின் ஆட்கள் நகரவில்லை. பல் டாக்டர்தான் எழுந்து வந்து, கையுறை மாட்டிக்கொண்டு மணலை மாற்றிக் கொட்டினார். பழக்கதோஷத்தில் பெட்டியைப் பார்த்து "வாயை நல்லாத் திறங்க" என்றும் சொன்னார்.

கூண்டு திறந்தது. விடிந்ததிலிருந்து பெட்டி இல்லாமல் அடைத்து வைத்த பூனை, கூட்டம் கூடியதும் போகாமல் என்ன செய்யும்? சாட்சி அவசரமாக வந்தது. பழகிய தங்கப் பெட்டிக்குள் தலையை நீட்டியது. சரேலென்று பின்னால் குதித்து, காலை உதறி, தும்மியது. பிறகு பக்கத்தில் இருந்த சாதாரணக் கடைப் பெட்டியில் ஏறி, சாவகாசமாகத் தன் வாக்குமூலத்தை அளித்தது.

வக்கீலம்மா எழுந்து நின்றார். "சாட்சி பிறழ்ந்துட்டுது!"

அந்த மாடி இடிந்துவிடும் போலச் சிரிப்பு கிளம்பியது. திசையார் கோபத்தில் சாட்சியின் கழுத்தைப் பிடித்துத் தூக்க, அது வீறிட்டது. அந்தக் குரலைக் கேட்டுப் பின்வரிசையில் பன் தட்டோடு நின்ற பேக்கரிக்காரர் திடுக்கிட்டுப் போனார்.

"டேய் பன்னு! நீயாடா?"

செம்பட்டைப் பூனை திசையாரின் கையைப் பிறாண்டிவிட்டு, நாற்காலிகளின் மேலாகத் தாவித் தாவிப் போய்ப் பேக்கரிக்காரரின் தோளில் ஏறிக்கொண்டது. அவர் தட்டைப் போட்டுவிட்டு அதைக் கட்டிக்கொண்டார். "இது இருந்தா என் அடுப்பு வெடிக்கும்னு சொல்லி வாங்கிட்டுப் போனாரய்யா! மலைமேல இல்லத்துல இருக்குன்னாரு! இதுக்கு மாசா மாசம் சாப்பாட்டுச் செலவு வேற அனுப்பிக்கிட்டிருக்கேன்!"

கூட்டம் ஒருவர் மடியை ஒருவர் பார்க்கத் தொடங்கியது. "சார், அது எங்க வீட்டுச் சாம்பலு!" என்று ஒரு பெண் பல் டாக்டரின் அதிர்ஷ்டப் பூனையைச் சுட்டிக்காட்டினாள். "உங்க மடியில இருக்கிறது எங்களோடது!" என்று இன்னொருவர் கத்தினார். ஒரு வீட்டின் தரித்திரம் அடுத்த வீட்டின் அதிர்ஷ்டமாக விற்கப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் வசூல். மலையும் இல்லை, இல்லமும் இல்லை.

திசையார் சால்வையைச் சுருட்டிக்கொண்டு மெல்லப் பின்வாசல் பக்கம் நகர்ந்தார்.

"ஐயா எங்க கிளம்பிட்டீங்க?" என்றாள் நாத்தனார்.

"கொஞ்சம்... வெளிக்குப் போகணும்."

"எந்தத் திசையில?" என்று கூட்டம் மொத்தமும் ஒரே குரலில் கேட்டது.

பின்வாசலில் வக்கீலம்மா நின்றிருந்தார். "உக்காருங்க. போலீஸ் வந்துக்கிட்டிருக்கு. இந்த வழக்க நான் எடுத்துக்கறேன்" என்றவர், தையல்காரம்மாவைத் திரும்பிப் பார்த்து, "உன் பூனைமேல போட நினைச்ச வழக்க வாபஸ் வாங்கிக்கறேன்" என்றார்.

தையல்காரம்மா மேனேஜரை வாரி எடுத்து முகத்தோடு அணைத்துக்கொண்டாள். இனி யாரும் அதை அவளிடமிருந்து பிரிக்கப்போவதில்லை. அந்தச் சந்தோஷத்தில் நாத்தனாரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நாத்தனாருக்கு மூச்சு முட்டியது, பூனைக்கும்தான்.

கதை இங்கே முடிந்திருந்தால் நம் ஜனங்களுக்கு நல்ல பெயர் கிடைத்திருக்கும். ஆனால் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பியபோது, பச்சைத் தொட்டியைச் சுற்றி ஒரு புதுக் கூட்டம் கூடியிருந்தது.

"இந்தத் தொட்டி எங்கம்மா வாங்குனீங்க?"

"பச்சைதான் ஆகணுமா? நீலம் வச்சா பாதகமில்லயா?"

"துணி எத்தனை வருஷம் அலசியிருக்கணும்?"

ஒரு பெரியவர், உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் மறந்து, தொட்டியின் விளிம்பைத் தொட்டு நெஞ்சில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் வரிசை போடவே ஆரம்பித்துவிட்டார்கள்.

தையல்காரம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவர்கள்மேல் மட்டுமல்ல, நேற்று வரை அந்த வரிசையில் நின்ற தன்மேலும்தான். மேனேஜரை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"தொட்டியில என்னய்யா இருக்கு? இந்தப் பூனையப் பாருங்க! வாயில்லா ஜீவன்னு சொல்றோம், அறிவு கிடையாதுன்னு சொல்றோம். இதுகூட ஒவ்வொரு பெட்டியா மோந்து பாத்துட்டுத்தான் உக்காந்துச்சு. மோந்துகூடப் பாக்காம உக்காந்தது நாமதான்!"